இரண்டு அடுப்புக்கு நிவாரணம்

அக்காவை ஊரே அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். அவளுடைய தம்பிக்கு ஐம்பத்து நான்கு வயது, தலை முக்கால்வாசி நரைத்தாயிற்று. ஆனாலும் அக்கா வாய் ஓயாமல் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டதில் அவனுக்கும் அதுவே பேராகிவிட்டது. அவனைவிட இளையவர்கள், மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்று "தம்பியண்ணே" என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு விழித்தால், "அக்காவுக்குத் தம்பி, எங்களுக்கு அண்ணன்" என்று விளக்கமும் கிடைக்கும்.

அப்பா விட்டுப்போன நிலம் இருவர் பேரிலும் சரிபாதியாக இருந்தது. மேல்வயல் அக்காவுக்கு, கீழ்வயல் தம்பிக்கு. அதெல்லாம் பத்திரத்தில்தான். உழுவதும் நடுவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் ஒன்றாகத்தான் நடந்தது. முக்கியமாகப் போட்டது முட்டைக்கோஸ். அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தம்பியின் மனைவி, மகளுக்குப் பால்பல்கூட விழாத வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாப்பா என்று இருவரும் கூப்பிட்ட அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அக்காதான்.

அந்தப் பாப்பாவை வைத்துத்தான் சண்டை வந்தது. பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் நர்ஸ் படிப்புக்கு நகரத்துக்குப் போக வேண்டும் என்றாள். தம்பி முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றான். "அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் யார் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?" என்றான். பாப்பா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. தம்பி சந்தைக்கு லோடு ஏற்றிப்போன ஒரு நாள், தன் கழுத்துச் சங்கிலியை விற்ற பணத்தைக் கையில் கொடுத்து, பாப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவனுக்கு விஷயம் தெரிந்ததும் கோபம் தலைக்கேறியது. சமையலறை நடுவில் நின்றுகொண்டு கத்தினான். கடைசியில், "உனக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே பெத்தவன் வயித்தெரிச்சல் உனக்குத் தெரியும்!" என்றான்.

அக்கா அப்போது கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, ஆணியில் மாட்டிவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் தம்பியின் தட்டு, தம்ளர், ஒரு பானை, பாதி மளிகைச் சாமான் எல்லாம் பின்பக்கத்து விதை அறைக்கு இடம்மாறி இருந்தன. அவனும் சளைத்தவனில்லை. கடைக்குப் போய் ஒற்றை அடுப்பு ஒன்றை வாங்கி வந்து அந்த அறையிலேயே குடித்தனம் ஆரம்பித்துவிட்டான்.

ஆறு வருஷம் அப்படியே ஓடியது. அக்காவுக்கு முன்வாசல், தம்பிக்குப் பின்வாசல். ஃபிரிட்ஜ் மட்டும் நடையில் பொதுவாக நின்றது. மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு அவனுக்கு. வயலில் பேசாமல் வேலை நடக்காது என்பதால், பேச வேண்டியதை வீட்டு நாயிடம் சொல்லிக்கொள்வார்கள். "நாயே, மோட்டாரை நிறுத்தச் சொல்லு, வரப்பு உடையப்போவுது" என்று அக்கா சொன்னால், தம்பி போய் மோட்டாரை நிறுத்துவான். "நாயே, நாளைக்கு லாரி வருதாம், சாக்கு எடுத்து வைக்கணும்" என்பான் அவன். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாலை ஆட்டும். பாப்பா படித்து முடித்து நகரத்திலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். லீவுக்கு வந்தால் அப்பா அவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்பான். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது.

அப்புறம்தான் பெருந்தொற்று வந்தது. ஹோட்டல்களை மூடினார்கள், விடுதிகளை மூடினார்கள், சந்தையையும் மூடினார்கள். இரண்டு வயலிலும் கோஸ் அறுவடைக்குத் தயாராக நின்றது. வழக்கமாக வரும் லாரிக்காரன், "ஏத்திட்டு வந்து நான் யார் தலையில கொட்டுறது?" என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டான். முற்றிய கோஸ் செடியிலேயே நின்றால் வெடித்துவிடும். ஒன்றிரண்டாக ஆரம்பித்து வயல் முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தார்கள், மாடுகளுக்குப் போட்டார்கள். மாடுகளே கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அழுகல் வாடை வீட்டுக்குள் வர ஆரம்பித்ததும் தம்பி டிராக்டரை இறக்கி எல்லாவற்றையும் மண்ணோடு மண்ணாக உழுதுவிட்டான். அக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நாயிடம்கூட யாரும் எதுவும் சொல்லவில்லை.

அரசாங்கம் விவசாயிகளுக்கு நிவாரணம் அறிவித்தது. விளைந்ததை விற்க முடியாமல் போனவர்களுக்கு, குடும்பத்துக்கு ஒரு தொகை. குடும்பம் என்றால் யார் என்று கேள்வி வரும் அல்லவா? அதற்கும் விதி போட்டிருந்தார்கள்: ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அக்கா தன் பேருக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தாள், தம்பி தன் பேருக்கு ஒன்று கொடுத்தான். விவசாயிகள் சங்கக் கட்டடத்தின் வாசலில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு வட்டம் போட்டிருந்தார்கள். முன்வட்டத்தில் அக்கா, பின்வட்டத்தில் தம்பி. அந்த இடைவெளி அவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. சங்கச் செயலாளர் இரண்டையும் வாங்கிக்கொண்டு, "ரெண்டு அடுப்பு, ரெண்டு விண்ணப்பம். சரியாத்தான் இருக்கு" என்றார். அந்த நேரத்தில் அது சரியாகத்தான் இருந்தது.

விண்ணப்பம் கொடுத்துக் கொஞ்ச நாளில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது.

அக்காவுக்கு அது தெரிய வந்தது ரேடியோவால். தம்பி எழுந்ததும் முதல் வேலையாக ரேடியோவைத்தான் போடுவான். அன்றைக்கு விடிந்து வெகுநேரமாகியும் பின்பக்கத்தில் சத்தமே இல்லை. அக்கா நடையில் இரண்டு தடவை வேண்டுமென்றே பாத்திரத்தைக் கீழே போட்டுப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னல் அருகே நின்றாள். உள்ளே போர்வை மட்டும் தெரிந்தது.

"டேய், செத்துட்டியா?" என்று கேட்டாள். ஆறு வருஷத்தில் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

போர்வைக்குள்ளிருந்து, "இன்னும் இல்ல" என்று பதில் வந்தது.

அவளுக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "இன்னும் இல்லயாம்! உடம்புக்கு முடியலன்னா ஒரு குரல் குடுக்கறதுக்கென்ன, வாய்ல என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே?"

"யாரைக் கூப்பிடறது? நாய் வெளிய போயிருந்துச்சு."

சுகாதாரத் துறையிலிருந்து வந்து பரிசோதித்துவிட்டு, அவனுக்குத் தொற்று உறுதி, அவளுக்கு இல்லை என்றார்கள். அவன் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது, அவள் உள்ளே போகக் கூடாது. அக்கா பாப்பாவுக்கு ஃபோன் போட்டாள். பாப்பாவின் வார்டில் படுக்கை காலியில்லை, அவளால் வர முடியாது. அழுகையை அடக்கிக்கொண்டு நர்ஸாக மாறிப் பேசினாள்.

"அத்தை, காய்ச்சலை விட மூச்சுதான் முக்கியம். அப்பா பேசும்போது நடுவுல மூச்சு வாங்குதான்னு கவனிங்க. ஒரு வாக்கியத்தை முழுசா சொல்ல முடியாம திணறினா உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும். அதனால அடிக்கடி அவரைப் பேச வைங்க."

"யாரை? உங்கப்பனையா?"

"ஆமா அத்தை. பேச வைங்க."

அக்கா ஒரு ஸ்டூலை எடுத்துப்போய் ஜன்னலுக்கு வெளியே தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் மாஸ்க். "பேசுடா" என்றாள்.

"என்னத்தைப் பேச?"

"எதையாவது பேசு. பாப்பா சொல்லியிருக்கா. நீளமா பேசணுமாம்."

தம்பி கூரையைப் பார்த்தான். பிறகு உர விலையைப் பற்றி ஆரம்பித்தான். அதிலிருந்து டிராக்டரின் கிளட்ச், அதிலிருந்து போன வருஷம் பக்கத்து வயல்காரர் வாங்கி ஏமாந்த விதை. அக்கா கண்ணை மூடி அவன் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் அவன் நிறுத்தினால், "ம், அப்புறம்?" என்பாள். வேளா வேளைக்குக் கஞ்சியும் சூப்பும் வைத்து, ஸ்டூலை ஜன்னலோரம் நகர்த்தி அதில் வைத்துவிட்டு விலகி நிற்பாள். "உப்பு கம்மி" என்று ஒரு நாள் சொன்னான். "நாக்கு செத்துப்போச்சு உனக்கு, உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். இரண்டு நாள் ரொம்ப மோசமாக இருந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அப்போதும் அக்கா விடவில்லை, பேசு பேசு என்று நச்சரித்தாள். அவனும் அவளுக்காகவே வாக்கியங்களை முழுசாக முடித்தான். ஆறு வருஷத்துக்குச் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

காய்ச்சல் விட்டு, தனிமை நாட்களும் முடிந்து தம்பி வெளியே வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. பின்வாசல் வழியாக வந்தவன் நேராக முன்பக்கச் சமையலறைக்குள் போய், முன்பு உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா ஒரு தட்டை எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரே அடுப்புதான் எரிந்தது. விதை அறையின் ஒற்றை அடுப்புமேல் வெங்காய விதைச் சாக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சங்கச் செயலாளர் மூச்சு இரைக்க சைக்கிளில் வந்து இறங்கினார். சமையலறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவரையும் பார்த்ததும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"என்னக்கா இது? எப்பலேருந்து?"

"காய்ச்சல்லேருந்து" என்றாள் அக்கா. "உக்காருங்க, சாப்பிடுங்க."

"சாப்பாடு கெடக்கட்டும். நாளைக்கு நிவாரண ஆபீசர் வராங்க. ஒரே கதவு எண்ணுல ரெண்டு விண்ணப்பம் இருக்கிற வீட்டையெல்லாம் நேர்ல வந்து பாக்கறாங்க. அடுப்பை எட்டிப் பாப்பாங்களாம். இப்படி ஈயும் பீங்கானுமா உக்காந்திருந்தா ஒரு விண்ணப்பம் அவுட்டு!"

"ஈயும் பீங்கானுமா?" என்று தம்பி விழித்தான்.

"ஏதோ வாயில வந்துச்சு தம்பியண்ணே. ஒட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு சொல்றேன்." செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "எழுதிக் குடுக்கும்போது ரெண்டு அடுப்புதானே? பொய்யா எழுதினீங்க? இல்லையே. நாளைக்குக் காலைல ஒரு ரெண்டு மணி நேரம் பழையபடி இருந்துடுங்க. நீங்க அங்க சமைங்க, அக்கா இங்க சமைக்கட்டும். மூஞ்சிய கொஞ்சம் உர்ருன்னு வெச்சுக்கங்க. முடிஞ்சா சின்னதா ஒரு சண்டை. ஊருக்கே தெரிஞ்ச சண்டைதானே."

அவர் போன பிறகு இருவரும் யோசித்தார்கள். பணம் தேவைதான். உழுது புதைத்ததில் போட்ட காசெல்லாம் போய்விட்டது. அடுத்த நடவுக்கு நாற்று வாங்க வேண்டும், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்ட வேண்டும், கையில் சல்லிக்காசு இல்லை. எழுதும்போது உண்மையாக இருந்தது இப்போது எப்படிப் பொய்யாகும் என்று தம்பி வாதாடினான். அக்காவுக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை.

"சரி, ஒத்திகை பாத்துக்குவோம்" என்றாள்.

சாயங்காலம் சமையலறையிலேயே நின்று ஒத்திகை பார்த்தார்கள். தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் கீழ்த்தட்டு முட்டைய யாரு எடுத்தா?" என்று அதட்டினான். அக்கா "நான்தான்டா எடுத்தேன், உனக்குத்தானே அவிச்சுப் போட்டேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அவன் மறுபடி ஆரம்பித்தான், அவள் மறுபடி சிரித்தாள். நாய் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு குரைத்தது.

"இது ஆவாது" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இது சண்டை மாதிரியே இல்ல. அன்னைக்குக் கத்துனியே, அது சண்டை. அதைச் சொல்லு. அதைக் கேட்டா எனக்குத் தன்னால மூஞ்சி மாறிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதே. இதே எடத்துல நின்னுதானே சொன்னே. சொல்லுடா. நாளைக்கு ஒருநாள் பொழப்புக்குத்தானே."

தம்பி வாயைத் திறந்தான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். காய்ச்சலில்கூடத் திணறாத மூச்சு இப்போது திணறியது.

"வராதுக்கா" என்றான். "அது வாயில வராது. அன்னைக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியல. உள்ள கெடந்தப்ப ஒவ்வொரு நாளும் அதைத்தான் நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீ ஜன்னலுக்கு வெளிய உக்காந்திருக்கே, நான் உர விலையப் பேசிக்கிட்டிருக்கேன். பாப்பாவுக்கு ஒரு தடவையாவது நான் தலைசீவி விட்டிருக்கேனா? உனக்குன்னு ஒண்ணு இல்லன்னு சொன்னேனே, என் வாய்ல புழு புழுக்க. அவ உன்னோடதுதானேக்கா. எனக்குத்தான் இல்லாம இருந்துச்சு."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாளோ என்று அவன் பயந்தான். அவள் அழவில்லை. முந்தானையால் மேஜையைத் தேவையில்லாமல் ஒரு தடவை துடைத்தாள்.

"ஆறு வருஷம் ஆச்சு இதைச் சொல்ல" என்றாள். "நான் சொல்லாம கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்துனதும் தப்புதான். சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே. ஆனாலும் அவ கையக் காட்டிட்டுப் போறதை நீ பாக்காமப் போயிட்டே. அது எனக்கு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. வா, சாப்பாடு ஆறுது."

சாப்பிட்டார்கள். ஒத்திகையை அதற்குமேல் யாரும் எடுக்கவில்லை. நாளைக்கு என்ன செய்வது என்பதையும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் செயலாளர் சொன்னபடியே தம்பி விதைச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு ஒற்றை அடுப்பைப் பற்ற வைத்தான். ஒரு சட்டியில் உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டான். முன்பக்கத்தில் அக்கா தனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தை வைத்தாள். செயலாளர் வாசலில் நின்று இரண்டு பக்கமும் புகை வருவதைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

நிவாரண ஆபீசர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதிருக்கும் பெண். காலணி முழுக்கச் சேறு, கண்ணுக்குக் கீழே மாஸ்க் வரை கருவளையம். மாவட்டத்தில் இன்னும் எத்தனை வீடு பாக்கி என்று அவருக்கே கணக்குத் தெரியாத மாதிரி நின்றார். வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்து அக்காவின் அடுப்பைப் பார்த்தார்.

"உங்க தம்பி?"

"அவன் பின்னால. தனி" என்றாள் அக்கா, செயலாளர் சொன்னபடி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"பேச்சுவார்த்தை இல்லையா?"

"இல்ல."

அப்போது பின்பக்கத்திலிருந்து, "அக்கா, உப்பு எங்க வெச்சிருக்கே?" என்று குரல் வந்தது.

செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா காதில் விழாதவள்போல் பாத்திரத்தைக் கிளறினாள். ஆபீசர் நடை வழியாகப் பின்பக்கம் போனார். தம்பி உப்பைத் தேடி அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தான். அடுப்பில் உருளைக்கிழங்கு அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. தீய்ந்த வாடை நடையைத் தாண்டி முன்பக்கம் போனதுதான் தாமதம். அக்கா கரண்டியோடு ஓடிவந்து ஆபீசரை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து அடுப்பை அணைத்தாள்.

"அறிவிருக்காடா உனக்கு? இப்பத்தான் நெஞ்சு சரியாகியிருக்கு, இந்தப் புகைய இழுத்தா என்னத்துக்கு ஆவும்? வெளிய போ முதல்ல, காத்தாட நில்லு!"

"தனியா சமைக்கணும்னுதானே சொன்னாங்க!"

"சமைக்கத்தான் சொன்னாங்க, அறையக் கொளுத்தவா சொன்னாங்க?"

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு ஆபீசர் நிற்பது ஞாபகம் வந்தது. கரண்டியைக் கீழே இறக்கினாள்.

"ஒரே வீடுதான் மேடம், எழுதிக்கங்க" என்றாள் அக்கா. அதே நேரத்தில் தம்பி, "ரெண்டு வீடுதான் மேடம்" என்றான்.

ஆபீசருக்கு மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "ரெண்டு பேரும் முதல்ல பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்றீங்களா?"

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல மேடம்" என்று அக்கா அங்கேயே சாக்குமேல் உட்கார்ந்துவிட்டாள். "எழுதிக் குடுத்தப்ப ரெண்டு அடுப்புதான். ஆறு வருஷமா அப்படித்தான். இவனுக்குத் தொத்து வந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய உக்காந்து சோறு போட்டேன். எழுந்து வந்தவன் என் சமையலறைல வந்து உக்காந்துட்டான். போன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவ்வளவுதான். இன்னைக்கு உங்களுக்காகத்தான் இந்தக் கூத்து. தப்புதான்."

"அக்கா மேல தப்பில்ல மேடம்" என்றான் தம்பி. "உப்பு கேட்டது நான்."

ஆபீசர் வாசல்படியில் உட்கார்ந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவில்லை போலிருக்கிறது. "இன்னைக்கு நேர்ல பாக்கறதைத்தான் நான் எழுத முடியும்" என்றார். "ஒரு அடுப்பு, ஒரு குடும்பம். ரெண்டு தொகை வராது. ஆனா ரெண்டு பேரோட நிலத்தையும் ஒரே விண்ணப்பத்துல சேத்து எழுதறேன். நிலம் கூடினா தொகையும் கொஞ்சம் கூடும். எவ்வளவு கூடும்னு மேலதான் தெரியும், நான் வாக்குக் குடுக்கல." பேனாவை எடுத்தார். "குடும்பத் தலைவர் யாரு?"

"அவன்தான், ஆம்பள" என்றாள் அக்கா.

"அக்கா பேரை எழுதுங்க மேடம்" என்றான் தம்பி. "எங்க வீட்டுல எல்லாருக்கும் தலைசீவி விட்டது அவதான்."

அக்கா அவனை ஒரு முறை முறைத்தாள். ஆனால் மறுக்கவில்லை. ஆபீசர் அக்காவின் பேரை எழுதிக்கொண்டார். கிளம்ப எழுந்தவரை அக்கா விடவில்லை. முற்றத்து மரத்தடியில் தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, முன்பக்க அடுப்பிலிருந்ததைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஆபீசர் தயங்கினார். "சாப்பிட்டா விண்ணப்பத்துல ஒண்ணும் கூடவும் போறதில்ல, கொறையவும் போறதில்ல. அதான் எழுதி முடிச்சுட்டீங்களே" என்றாள் அக்கா. மாஸ்க்கைக் கழற்றிய பிறகு பார்த்தால், அந்த ஆபீசருக்குப் பாப்பாவைவிட மிஞ்சிப்போனால் நாலைந்து வயதுதான் அதிகமிருக்கும். தட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

செயலாளருக்குத்தான் ஆறவில்லை. "ஊர்ல ஒவ்வொருத்தன் அண்ணன் தம்பியோட தெனம் தெனம் வெட்டுக்குத்து. உங்களால ஒருநாள், ஒரே ஒருநாள் சண்டை போட முடியலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

பணம் உடனே வந்துவிடவில்லை. வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் பார்ப்பதையே விட்ட பிறகு வந்தது. ஒரு நாள் அக்காவின் ஃபோனில் டிங் என்று ஒரு செய்தி. அவள் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, நம்பாமல் பாப்பாவுக்கு அனுப்பிக் கேட்டாள். இரண்டு தொகை அளவுக்கு இல்லை. ஒன்றைவிடக் கூடுதலாக இருந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டினார்கள். மிச்சத்துக்கு நாற்று வாங்கியதில் மேல்வயலுக்குத்தான் காணும்போல் இருந்தது. கீழ்வயலில் கையிலிருந்த வெங்காய விதையைப் போட்டார்கள். வெங்காயம் வேண்டாம், விலை கிடைக்காது என்று தம்பி சொன்னான். குடும்பத் தலைவர் நான்தான் என்று அக்கா சொன்னாள். வெங்காயமே போட்டார்கள்.

கோஸ் நாற்று வேர்பிடித்துத் தலைநிமிர்ந்த சமயத்தில் பாப்பாவுக்கு லீவு கிடைத்தது. இத்தனை மாதத்தில் முதல் லீவு. பஸ் நிற்கும் இடத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். இறங்கியவளைத் தம்பி ஏற இறங்கப் பார்த்தான். காதோரத்தில் மாஸ்க் நாடா உரசி உரசித் தழும்பாகியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சாப்பிட்டியா?" என்றான்.

"இல்லப்பா" என்றாள் பாப்பா. அவன் தோளில் முகத்தை வைத்தவள் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அக்கா முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து, பாதித் தட்டு சாப்பிட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் பாப்பா கட்டிலில் சாய்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். மறுநாள் வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. அக்காவும் தம்பியும் அந்த வீட்டில் பூனைபோல் நடந்தார்கள். சமையலறையில் நின்றுகொண்டு கிசுகிசுவென்று ஒரு சச்சரவு நடந்தது.

"எழுப்பி ஒரு வாய் குடுக்கலாம்டா, வெறும் வயித்தோட கெடக்கறா."

"தூங்கட்டும்க்கா. எத்தனை நாள் தூக்கமோ."

"வயிறு காஞ்சா தூக்கம் எப்படி வரும்?"

"வருதே. போய்ப் பாரேன்."

இருவரும் போய்க் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்கள். பாப்பா வாயை லேசாகத் திறந்துகொண்டு, சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே ஒரு காலைச் சுவரில் போட்டுக்கொண்டு தூங்கினாள். அப்போது கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து கட்டில்மேல் விழுந்துகொண்டிருந்தது. தம்பி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போய் மோட்டாரை நிறுத்தினான்.

அன்றைக்கு மேல்வயலின் கடைசி நாலு பாத்திக்குத் தண்ணீர் பாயவில்லை. சாயங்காலம் வரப்பில் நின்று வாடிய நாற்றுகளைப் பார்த்த அக்கா மோட்டாரைப் போடச் சொல்லவில்லை. இரண்டு குடத்தை எடுத்துவந்து, ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தாள்.